சூட்டுக்குக் கரும்புச்சாறு

அன்று கூடத்தில் அம்மா இருந்தாள், அப்பா இருந்தார், அக்கா இருந்தாள், நான் இருந்தேன். இருந்திருக்க வேண்டிய ஒருவர் இல்லை. அக்காவின் வீட்டுக்காரர். லாரியில் சரக்கேற்றிக்கொண்டு ஆந்திரா பக்கம் போயிருந்தார் மாமா. அக்கா கண்டமங்கலத்திலிருந்து காலை பஸ்ஸில் தனியாக வந்து இறங்கியிருந்தாள். துணி அடைத்த பெரிய பை ஒன்று நிலைப்படிக்கு உள்ளே கிடந்தது. இரண்டு நாள் தங்கிப்போக வருகிறவள் எடுத்து வருகிற பை அல்ல அது.

"இனிமே அந்த வூட்டுக்கு நான் போவ மாட்டேன்" என்றாள்.

அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த கொல்லையிலிருந்து அப்படியே வந்திருந்தார். கையில் மண். "இன்னா விஷயம்னு சொல்லேன்" என்றார். அம்மா குறுக்கே வந்து, "பொம்பள சமாச்சாரம், நீ கம்முனு இரு" என்றாள். அப்பாவுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். "ஞாயித்துக்கெழம பெரியவங்கள கூப்டுக்கினு கண்டமங்கலம் போவலாம். பேசி முடிச்சிடலாம்" என்றார். அன்று சாயங்காலமே திண்டிவனம் போய் வேனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டும் வந்தார்.

எங்கள் பக்கத்தில் வேன் வைத்துக்கொண்டு பெரியவர்கள் ஒரு வீட்டுக்குப் போனால், அந்தப் பேச்சு திரும்பி வருவதில்லை. ஆளுக்கொன்று சொல்வார்கள், நகையைக் கேட்பார்கள், சீர்ப் பாத்திரங்கள் வேனிலேயே ஏறி வந்துவிடும். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மாமா நல்ல மனுஷன். அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிறுக்குள் ஏதாவது நடக்க வேண்டும்.

புதன்கிழமை நான் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா தெருமுனை வரை வந்தாள். "உங்க ஆஸ்பத்திரில லேடி டாக்டர் கீறாங்க இல்ல? நாளிக்கு ஒரு டோக்கன் போட்டு வெய்" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நான் வேலை பார்ப்பது விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி ஒரு படிப்பைப் படித்து முடித்த முதல் ஆள் நான்தான். அக்கா எட்டாவதோடு நின்றாள். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திண்டிவனத்தில் பஸ் ஏறும்போது எனக்கு இன்றும் ஒரு துள்ளல் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதந்தான் ஆகியிருந்தது அப்போது. புத்தகத்தில் படமாகப் பார்த்ததையெல்லாம் லென்சுக்குக் கீழே உயிரோடு பார்த்துவிட வேண்டும் என்று வெறியாக அலைந்துகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை முற்பகல். லேப் மேடம் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தவர் நிமிராமலே கையை ஆட்டினார். "டேய், ஓடியா. நீ பாக்கணும் பாக்கணும்னு அரிச்சுக்கினு இருந்தியே, வந்து பாரு."

குனிந்தேன். அப்பா! மற்ற செல்களெல்லாம் ஸ்லைடில் விட்ட காரக் கரைசல் துளியில் கரைந்து மங்கலாகிவிட்டிருக்க, நடுவே பளிச்சென்று முட்டை முட்டையாக. ஒவ்வொரு முட்டையின் ஓரத்திலும் குட்டியாக ஒரு மொட்டு. கொஞ்சம் நகர்த்தினால் அதே முட்டைகள் நீண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, கணுக்கணுவாகக் கரும்பு மாதிரி கிளை விட்டுப் போயிருந்தன. ஈஸ்ட்! ரொட்டியை உப்ப வைக்கிற ஈஸ்டின் சொந்தக்காரன், மனித உடம்பில் குடியிருக்கிற பூஞ்சை.

"மேடம், மொட்டு விடுது மேடம்! கிளையும் இருக்குது! போட்டோ எடுத்துக்கவா?"

"எடுத்து ஃப்ரேம் போட்டு மாட்டு. லூசு. ரிப்போர்ட்டை எழுது மொதல்ல."

எழுதிக்கொண்டிருக்கும்போதே நர்ஸ் எட்டிப் பார்த்தார். "லேடி டாக்டர் ரூம்ல அந்த ஸ்லைடு ரிசல்ட்டு கேக்கறாங்க. சார், உங்க அக்காவோடதுதான் அது. உங்களுக்குத் தெரியும்ல?"

எனக்குத் தெரியாது. ஸ்லைடில் நம்பர் மட்டும்தான் இருக்கும். பேனா அப்படியே நின்றது. காது இரண்டும் சுட்டன. மேடம் என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த தாளை மெதுவாக உருவிக்கொண்டு, "இங்க நம்பரத்தான் பாக்கணும், ஆளப் பாக்கக் கூடாது. மிச்சத்த நான் எழுதறேன். போய் டீ குடி" என்றார்.

நான் டீ குடிக்கப் போகவில்லை. மாடி வராந்தாவுக்குப் போனேன். பெஞ்சில் அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் உள்ளே கூப்பிட்டார்கள். அம்மா எழுந்தவள் என் கோட்டைப் பிடித்தாள்.

"நீயும் வாடா. மருந்து பேரு சொன்னா எனக்கு எங்க புரியப் போவுது?"

"அவன் எதுக்கும்மா?" அக்கா பல்லைக் கடித்தாள்.

"படிக்க வெச்சது பின்ன எதுக்காம்?"

நான் கதவோரமாக, சுவரில் இருந்த குழந்தை படத்தைப் பார்த்தபடி நின்றேன்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பயப்படற மாதிரி ஒன்னும் இல்லம்மா. பூஞ்சத் தொற்று. தயிர்த் திப்பி மாதிரி வெள்ள, அரிப்பு, எரிச்சல், இதானே? முக்காவாசிப் பொம்பளைங்களுக்கு வாழ்க்கையில ஒரு தடவையாச்சும் வரும். வர்றதுக்கு முன்ன ஏதாச்சும் மாத்திர சாப்ட்டியா?"

"பல்லு வலிக்கு மெடிக்கல்ல குடுத்தாங்க. நிக்கலன்னு மறுக்கா ஒரு அட்ட வாங்கினேன்."

"அதான். அந்த மாத்திர பல்லுல இருக்கற கெட்ட கிருமியோட சேத்து, ஒடம்புல காவலுக்கு இருக்கற நல்ல கிருமியையும் சாவடிச்சிடும். காவல் இல்லன்னா பூஞ்ச பெருகும். அது வெளியேர்ந்து வர்ற திருடன் இல்ல. உள்ளயே குடியிருக்கறதுதான். அரிப்புக்கு இன்னா போட்ட?"

அக்கா தலையைக் குனிந்தாள். அம்மா சொன்னாள். "சூடுன்னு மோரு குடுத்தேன். வெந்தயம் ஊற வெச்சுக் குடுத்தேன். கிருமி மருந்து ஊத்திக் கழுவச் சொன்னேன். இவுளுக்கு அவுங்க ஊரு மெடிக்கல்ல முன்னயே ஒரு டியூப்பு குடுத்திருக்காங்க. போட்டா ரெண்டு நாளு அடங்குது, அப்புறம் முன்னவிட பேஜாரா கீது."

டியூப்பின் பெயரைக் கேட்டதும் டாக்டர் நெற்றியில் கை வைத்தார். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதாம். அரிப்பை அமுக்கிவிட்டுப் பூஞ்சைக்குத் தீனி போடுகிற மாதிரி அது. கிருமி மருந்தும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும் என்றார். "முழுகாம இருக்கியா?" என்று கேட்டு, இல்லை என்று உறுதி செய்துகொண்டு, விழுங்குகிற மாத்திரை ஒன்றும், ஆறு ராத்திரி உள்ளே வைத்துக்கொள்கிற மாத்திரைகளும் எழுதினார். கர்ப்பமாக இருந்தால் அந்த விழுங்குகிற மாத்திரை கூடாதாம். "அடங்கிடுச்சுன்னு பாதியில நிறுத்தாத. மறுபடி வந்தா நீயா டியூப்பு வாங்கிப் போடாம இங்க வா. அரிப்பெல்லாம் பூஞ்சயா இருக்கணும்னு இல்ல."

அக்கா எழுந்திருக்கவில்லை. குரலை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"அவருக்கும் அரிக்குதுங்க. எனக்கு முன்னயே. எங்கிட்ட மறைச்சுக்கினு இருந்தாரு. ஊர் ஊரா லாரி ஓட்றவரு. அவரு எங்கியோ போயி இதக் கொண்டாந்து குடுத்திருக்காரு. அதானே?"

இதுதானா விஷயம்! பையை அடைத்துக்கொண்டு வந்தது இதற்குத்தானா! அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "இது அப்படி வர்ற வியாதின்னு யாரு சொன்னது? கல்யாணம் ஆகாத பொண்ணுக்கும் வரும், கைக்கொழந்த வாயிலயும் வரும். இத வெச்சு யாரு மேலயும் பழி போட முடியாது. சரி, அவருக்கு எப்படி இருக்குது?"

"முன்தோலு வெடிச்சு வெடிச்சு எரியுதாம். போன வாரந்தான் போன்ல வாயத் தொறந்தாரு. ஒடம்பு சூடுன்றாரு. எந்நேரமும் தாகம். ராத்திரில நாலு வாட்டி ஒன்னுக்கு எழுந்திருப்பாரு. ஆளும் எளச்சுப் பூட்டாரு."

"சூடுன்னு யாரு சொன்னது?"

"எல்லாருந்தான்."

"அவர ஒரு தடவ சுகர் டெஸ்ட் பண்ணச் சொல்லு."

என் மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. மாமாவின் லாரியில் எப்போதும் உருளும் அந்த ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன்! "வண்டிய மரத்தப் பாத்தா நிறுத்துறாரு" என்று கிளீனர் கிண்டலடித்தது! அதையெல்லாம்விட, கரும்புச்சாறு! எங்கள் ஜில்லாவில் எந்த ரோட்டில் போனாலும் கரும்புச்சாறு வண்டி நிற்கும். ஒடம்பு சூடு என்றால் எல்லாரும் கைகாட்டுவது அங்கேதான். மாமாவுக்குச் சூடு கூடக் கூடச் சாறு கூடியது. சாறு கூடக் கூடச் சூடு கூடியது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறுநீரிலும் இறங்கும். அந்த ஈரத்தில் பூஞ்சைக்கு விருந்து. இதெல்லாம் நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது! அது எங்கள் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

பஸ்ஸில் அக்காவிடம் கொட்டினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சுகரு கெழங்கட்டைங்களுக்கு வர்றது. அவருக்கு முப்பத்திரெண்டு. அந்த டாக்டரம்மா ஆம்பளயக் காப்பாத்தறாங்க, நீயும் சேந்துக்கினு ஜால்ரா தட்ற."

"டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டா தெரிஞ்சுடும்க்கா."

"பண்ணு. ஞாயித்துக்கெழமக்குள்ள பண்ணு."

டாக்டர் எங்கள் அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லியனுப்பியிருந்தார். உள்ளாடை பருத்தியாக இருக்க வேண்டும், வெயிலில் மொறுமொறுவென்று காய வேண்டும். எங்கள் வீட்டில், எங்கள் தெருவிலேயே, பெண்களின் உள்ளாடை வெயிலைப் பார்த்ததில்லை. பாத்ரூம் பின்னால் இருட்டுக் கொடியில், பாவாடைக்கு அடியில், அதன் மேல் ஒரு துண்டு. பாதி ஈரத்தோடுதான் உடம்புக்குத் திரும்பும். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை. வெளியே தெரிவதுதான் தப்பு.

"மொட்ட மாடில கொடி கட்டறேன்" என்றேன்.

"அய்ய! தெருவுல போறவன் வர்றவன் பாக்க மாட்டானா? உங்கப்பா பாக்க மாட்டாரா?" என்றாள் அம்மா.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். மாடியில் நாலு பக்கமும் ஆளுயரத்துக்குத் தென்னங்கீற்று மறைப்பு, மேலே திறந்த வானம், நடுவில் கொடி. கொல்லையில் கிடந்த கீற்றுகளை வைத்து வெள்ளிக்கிழமை காலையிலேயே கட்டி முடித்தேன். அப்பா கீழிருந்து அண்ணாந்து பார்த்தார். "இன்னாடா அது மேல?"

அம்மா முந்திக்கொண்டாள். "மொளவா காய வெக்கறதுக்கு. காக்கா வருதுல்ல."

"காக்கா மேலாலதானே வரும்?" என்றார் அப்பா. அக்கா, வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் மாமாவின் லாரி திண்டிவனம் பைபாஸில் நிற்கும் என்று போனில் தெரிந்துகொண்டேன். மேடத்திடம் சுகர் பார்க்கிற சின்ன மிஷினை இரவல் வாங்கிக்கொண்டு ஓடினேன். வேகாத வெயில். லாரி புளியமர நிழலில் நின்றது. மாமா எங்கே நிற்பார் என்று தேட வேண்டியதே இல்லை. கரும்புச்சாறு வண்டி முன்னால், கையில் பெரிய கிளாஸ்.

"வா மாப்ள! இன்னொரு கிளாஸு போடுப்பா, ஐஸு தூக்கலா. உங்க அக்கா போன எடுக்க மாட்டேங்குது. இன்னாதான் கோவம்?"

தனியே கூட்டிப்போய், லாரி ஓரமாக நின்று, எனக்கும் வெட்கம், அவருக்கும் வெட்கம், தரையைப் பார்த்துக்கொண்டு பேசினோம். அக்கா என்ன நினைக்கிறாள் என்பதை அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். "சூடு மாப்ள, இன்ஜின் சூடு" என்றார். "பாத்துடலாம் மாமா, விரலக் குடுங்க" என்றேன்.

குத்தினேன். ரத்தத் துளியை மிஷின் உறிஞ்சியது. நம்பருக்குப் பதிலாக, அளவுக்கு மேல் என்று காட்டியது. கத்திவிட இருந்தேன். அப்போதுதான் அவருடைய விரல் பிசுபிசுவென்று ஒட்டுவது தெரிந்தது. கரும்புச்சாறு! நான் அளந்தது மாமாவின் ரத்தத்தையா, ஜூஸ்காரரின் சாற்றையா? கேன் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, துடைத்து, வேறு விரலில் குத்தினேன். முந்நூற்றுப் பதினெட்டு.

"அது நல்லதா கெட்டதா மாப்ள?"

"சாறு குடிச்ச கையோட பாத்தத முடிவுன்னு சொல்ல முடியாது மாமா. ராத்திரி சாப்ட்டதோட வாயக் கட்டிட்டு, நாளிக்குக் காலையில வெறும் வயித்தோட லேபுக்கு வாங்க. ஜல்தியா வாங்க. ஒன்பது மணிக்கு மேல ஆம்பள டாக்டரும் இருப்பாரு."

"வண்டிய ஒப்படைச்சுட்டு வர்றேன். அப்ப அந்த எரிச்சலுக்கு?"

"அதுக்கும் இதுக்கும் ஒறவு மாமா."

மாமா குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "நான் வேற இன்னா இன்னாவோ நெனச்சு, ஒரு டாக்டரப் பாக்கவே பயந்துக்கினு இருந்தேன்" என்றார். சாறு வண்டிக்காரர் இரண்டாவது கிளாஸை நீட்டியபடி நின்றார். அதை நான்தான் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேடமே வந்து ரத்தம் எடுத்தார். வெறும் வயிற்றில் இருநூற்றுப் பதினொன்று. மூன்று மாதச் சராசரியும் கூடுதல். சந்தேகத்துக்கே இடமில்லை, சுகர். டாக்டர் மாமாவைப் பரிசோதித்துவிட்டு, தோலில் இருப்பதும் பூஞ்சைதான் என்றார். அதற்குத் தடவ மருந்து, சர்க்கரைக்கு மாத்திரை. சர்க்கரை இறங்காமல் அரிப்பு போனாலும் திரும்பி வரும் என்றார்.

இந்த வயசிலேயே மாத்திரையா, ஆயுசு பூராவுமா என்று இன்னொருவராக இருந்தால் இடிந்து உட்கார்ந்திருப்பார். மாமா வெளியே வந்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "கெளம்பு மாப்ள. பேப்பர்ல இருக்குது பாரு, சுகருன்னு. வேற ஒன்னும் இல்லன்னு."

ஆஸ்பத்திரி வார்டுபாயின் பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு பறந்தோம். வீட்டு வாசலில் வேன் நின்றுகொண்டிருந்தது. பெரியப்பாவும் இரண்டு பங்காளிகளும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஏறத் தயாராக இருந்தார்கள். மாமாவைப் பார்த்ததும் எல்லாரும் மடித்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். மாமா யாரையும் பார்க்கவில்லை. அக்கா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மாமா நேராக மாடிப்படி ஏறினார்.

நாங்கள் கீழே நின்றோம். கீற்று மறைப்புக்குள் இருவரும் தெரியவில்லை. மாமாவின் குரல் முணுமுணுவென்று கேட்டது. பிறகு அக்காவின் குரல் தெருவுக்கே கேட்டது.

"எத்தினி கிளாஸு?"

முணுமுணுப்பு.

"ஒரு நாளைக்கா? ஒரு நாளைக்கு ஆறு கிளாஸா? ஐஸு வேற போட்டுக்கினு? கொஞ்சமாவது அறிவு இருக்குதா உனுக்கு? இன்னாவோ ஏதோன்னு நான் சோறு தண்ணி எறங்காம கெடக்கறேன், நீ மரத்துக்கு மரம் நின்னு சாறு குடிச்சுக்கினு இருக்கியா?"

அம்மா சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சண்டைதான். ஆனால் போகிறவள் போடுகிற சண்டை இல்லை, கூட இருக்கப்போகிறவள் போடுகிற சண்டை. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. பெரியப்பா மேலே பார்த்து, "இன்னாப்பா அது, மொளவா காய வெக்கற எடத்துல பஞ்சாயத்து?" என்றார். அப்பா ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். "வேன் வேணாம்பா" என்றேன்.

சாயங்காலம் அக்கா அதே பெரிய பையை எடுத்துக்கொண்டு மாமாவோடு கண்டமங்கலம் பஸ் ஏறினாள். பைக்குள் மிச்ச மாத்திரைகளும் கொடிக்கயிறு ஒன்றும் இருந்தன. அங்கேயும் மாடி இருக்கிறது.

வேன்காரர் டீசல் போட்டுவிட்டதாகச் சொல்லி முன்பணம் ஐநூறைத் திருப்பித் தரவில்லை. அக்காவுக்கு டாக்டர் ஃபீஸ், ஸ்லைடு, மருந்து எல்லாம் சேர்த்து அறுநூற்றுப் பதினைந்து. மாமாவுக்கு ஆயிரத்து முப்பது. கீற்று எங்கள் கொல்லையுடையது. எல்லாம் முடிந்து எங்களுக்கு ஆன செலவு இரண்டாயிரத்து நூற்று நாற்பத்தைந்து ரூபாய்.